துப்பாக்கி வார்: யார் தோளுக்குச் சுகம்?

வெளிநாட்டு வேட்டைக் கருவிகளின் விலைப்பட்டியல்களில் துப்பாக்கிக்கு அடுத்தபடியாக அதிகம் பேசப்படுவது அதன் வார். தோல் வார் நல்லதா, பருத்தியா, நைலானா? ஓர் அங்குல அகலம் போதுமா, இரண்டு அங்குலம் வேண்டுமா? நாள் முழுக்கக் காட்டில் நடக்கிறவருக்குத் தோள் கன்றிப்போகக் கூடாதே என்ற கவலை. நியாயமான கவலைதான். காய்கறிப் பையை விரலில் மாட்டிக்கொண்டு பேருந்துக்கு நின்றவர்களுக்கு இது புரியும்.

சாதி ஒழிப்பு பேசுகிற இடத்தில் வேட்டைத் துப்பாக்கிக்கு என்ன வேலை என்று தோழர்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. நம் நாட்டில் துப்பாக்கி ஒருவருடையது. அது தொங்கிய தோள் இன்னொருவருடையது. அந்த வாரை அறுத்துத் தைத்த கை வேறொருவருடையது. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், ஆயுதம் யாரிடம் இருக்கலாம், சுமை யாரிடம் இருக்க வேண்டும் என்பதை நம் சமூகம் எப்படிப் பிரித்து வைத்தது என்பது தெரியவரும். திருப்பூர் வட்டாரத்துக்கு இந்தக் கதையில் தனி இடம் உண்டு. தோல் வார் செய்த மக்களின் பேரப்பிள்ளைகள் இன்று அதே ஊரில் டேப் தறியில் நிற்கிறார்கள்.

முதலில் சுகம் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். முதல் உலகப் போரில் இந்தியப் படைவீரர்கள் சுமந்த லீ என்ஃபீல்டு துப்பாக்கி ஏறத்தாழ 4 கிலோ. 3 சென்டிமீட்டர் அகலமுள்ள வார் தோளில் 10 சென்டிமீட்டர் நீளத்துக்குப் படிகிறது என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் சதையும் சுமார் 130 கிராம் தாங்க வேண்டும். அகலத்தை 5 சென்டிமீட்டராக்கினால் அது 80 கிராமாகக் குறையும். கணக்கு அவ்வளவுதான். இதற்கு மேல் வாரின் உட்புறம் கொஞ்சம் சொரசொரப்பாக இருந்தால் நழுவாது. நழுவாவிட்டால் தோளைத் தூக்கிப் பிடித்தபடியே நடக்க வேண்டியதில்லை. கழுத்து வலிக்கு முக்கியக் காரணமே அந்தத் தூக்கிப் பிடிப்பதுதான். தோல் வார் நாளாக நாளாகத் தோளின் வளைவுக்குப் பழகிக்கொள்ளும். ஆனால் மழையில் ஊறினால் நீளும், காயும்போது விறைக்கும், எண்ணெய் காட்டாவிட்டால் வெடிக்கும். பருத்திப் பட்டை வியர்வையை இழுத்துக்கொள்ளும், வழுக்காது, நனைந்தால் சுருங்கும், பூஞ்சணம் பிடிக்கும். நைலான் எதற்கும் அசையாது, ஆனால் வழுக்கும், விளிம்பு கழுத்தை அறுக்கும்.

இவ்வளவும் சுமக்கிறவருடைய கேள்விகள். வெள்ளைக்கார வேட்டைக்காரர்கள் பெருமளவுக்கு இந்தக் கேள்வியைக் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. அவர்களுக்கு வார் தேவைப்படவில்லை. ஆள் இருந்தான்.

சுடக்கூடாத துப்பாக்கி

திருப்பூர் மாவட்டம் என்றதும் பனியன்தான் நினைவுக்கு வரும். 2009இல் கோவை, ஈரோடு மாவட்டங்களைப் பிரித்து இந்த மாவட்டம் உண்டாக்கப்பட்டபோது உடுமலைப்பேட்டையும் அதற்குத் தெற்கே ஆனைமலைக் காடுகளின் ஒரு பகுதியும் இதில் வந்தன. அமராவதி, உடுமலை வனச்சரகங்கள் இன்று ஆனைமலைப் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தவை. தளிஞ்சி, குருமலை, குழிப்பட்டி, மாவடப்பு என்று மலைக்குள் ஊர்கள் இருக்கின்றன. முதுவர்களும் மலைப்புலையர்களும் அங்கே வாழ்கிறார்கள். மலைப்புலையர்கள் பட்டியல் சாதியில் வைக்கப்பட்டிருக்கிறார்கள். தங்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கச் சொல்லிப் பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த மலைகள் 19ஆம் நூற்றாண்டில் ஆங்கில அதிகாரிகளின் வேட்டைக்களம். டக்ளஸ் ஹாமில்டன் என்ற சென்னைப் படை அதிகாரி ஆனைமலை, நீலகிரி, பழனி மலைகளில் தான் ஆடிய வேட்டைகளை எழுதிவைத்தார். அது 1892இல் நூலாக வந்தது. இந்த வகை நூல்கள் ஏராளம். அவற்றில் துப்பாக்கியின் குழல் அளவு, மருந்தின் அளவு, செய்த கம்பெனியின் பெயர் எல்லாம் தவறாமல் இருக்கும். துப்பாக்கியைச் சுமந்து வந்தவர் பெரும்பாலும் தன் சாதிப்பெயராலோ பழங்குடிப் பெயராலோ மட்டும் வந்துபோவார்.

ஏன் ஒருவருக்குப் பதிலாக இரண்டு மூன்று பேர் துப்பாக்கி சுமந்தார்கள் என்பதற்கு ஒரு தொழில்நுட்பக் காரணம் உண்டு. அன்றைய துப்பாக்கிகளை ஒருமுறை சுட்டுவிட்டால், வாய்வழியாக மருந்திட்டுக் குண்டைத் திணித்து மறுபடி தயாராக்க நேரமாகும். யானையோ காட்டெருமையோ அதுவரை காத்திருக்காது. ஆகவே மருந்து நிரப்பிய இரண்டாவது துப்பாக்கியுடன் ஓர் ஆள் துரையின் பின்னாலேயே நிற்க வேண்டும். யானை வேட்டைக்கான பெரிய குழல் துப்பாக்கிகள் 8 கிலோ, 10 கிலோ வரை இருந்தன. ஆளுயரப் புல்லிலும் செங்குத்துப் பாறையிலும் அதைச் சுமந்துகொண்டு, துரை கையை நீட்டியதும் கொடுக்க வேண்டும். விலங்கு பாய்ந்து வரும்போது ஓடக்கூடாது. ஓடினால் கோழை என்று நூலில் ஏறும். கையில் நிரப்பிய துப்பாக்கி இருக்கும், அதைச் சுடும் உரிமை அவருக்கு இருக்காது.

இந்த ஒரு காட்சியை மட்டும் மாணவத் தோழர்கள் கொஞ்ச நேரம் மனத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். உயிரைக் காக்கும் கருவி கையிலேயே இருக்கிறது. அது இன்னொருவரின் உயிரைக் காக்க.

பின்னால் தோட்டா போட்டுச் சுடும் துப்பாக்கிகள் வந்து இந்தத் தொழில்நுட்பக் காரணம் போய்விட்ட பிறகும், சுமக்கிற ஆள் போகவில்லை. விதிவிலக்கான வேட்டைக்காரர்களும் இருந்தார்கள். சேலம், தருமபுரிக் காடுகளில் திரிந்த கென்னத் ஆண்டர்சன் தன் வின்செஸ்டர் துப்பாக்கியைத் தானே தூக்கிக்கொண்டு தனியே காட்டில் இரவு கழித்தவர். பைரா என்ற காட்டுவாசியைப் பெயர் சொல்லி, நண்பர் என்று எழுதினார். அப்படி எழுதியவர்களைச் சுலபமாக எண்ணிவிடலாம்.

வேட்டைக்குத் துப்பாக்கிச் சுமையாளர் மட்டும் போதாது. விலங்கைக் கலைத்து ஓட்டப் பத்துப் பேரோ நூறு பேரோ வேண்டும். புதரைத் தடியால் அடித்துக்கொண்டும் பறையடித்துக்கொண்டும் வரிசையாக நடந்து வருவார்கள். சமவெளிக் கிராமங்களில் இந்த வேலைக்கு யாரைக் கூப்பிட்டிருப்பார்கள் என்று நாம் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? பறையும் ஒரு வாரில்தான் தொங்குகிறது, தோளில்தான் தொங்குகிறது. காயம்பட்ட புலி புதருக்குள் இருக்கும்போது அந்த வாரை மாட்டிக்கொண்டு முன்னால் போகிறவர் கையில் இரண்டு குச்சிகள் மட்டும் இருக்கும்.

வெள்ளைக்காரன் வந்துதான் இந்த ஏற்பாட்டைச் செய்தான் என்று நாம் சொல்ல வரவில்லை. கொங்கு நாட்டில் விடிய விடிய உடுக்கடித்துப் பாடுகிற அண்ணன்மார் கதையில் பெரிய வேட்டை ஒன்று வருகிறது. பொன்னர் சங்கரின் வெள்ளாமையை அழிக்கும் கொம்பன் என்ற காட்டுப் பன்றியைக் கொல்லும் வேட்டை. அதிலும் போரிலும் கூடவே நிற்கிறவன் சாம்புவன், பறையர். வீரப்பூரில் மாசித் திருவிழாவில் அவனுக்கும் வழிபாடு உண்டு. அண்ணன்மாருக்கு உயிர் கொடுக்கும் அளவு நெருக்கம் இருந்தும், கதை முழுக்க அவன் துணை ஆள்தான். துரைமாருக்கு நம் ஊரில் ஏற்கெனவே தயாராக ஓர் இலக்கணம் கிடைத்தது.

பிறகு அதைச் சட்டமாகவும் எழுதினார்கள். 1878இல் லிட்டன் காலத்தில் ஆயுதச் சட்டம் வந்தது. உரிமம் இல்லாமல் இந்தியர் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம். ஐரோப்பியர்களுக்கு விலக்கு. அரச குடும்பத்தார், பட்டம் பெற்றவர்கள் போன்ற சிலருக்கும் விலக்கு. தேசியவாதிகள் இந்தச் சட்டத்தைக் கடுமையாகக் கண்டித்தார்கள். வெள்ளையனுக்கு ஒரு நீதி, இந்தியனுக்கு ஒரு நீதியா என்று கேட்டார்கள். சரியான கேள்வி. ஆனால் உரிமம் வேண்டி விண்ணப்பிக்கும் அளவுக்கு நிலமும் அந்தஸ்தும் தாசில்தாரிடம் செல்வாக்கும் எந்தச் சாதிகளிடம் இருந்தன என்ற அடுத்த கேள்வியை அவர்கள் கேட்கவில்லை. விடுதலைக்குப் பிறகு 1959இல் புதிய ஆயுதச் சட்டம் வந்தது. அதன் கீழ் வந்த 1962ஆம் ஆண்டு விதிகளின் உரிமப் படிவத்தில், உரிமம் பெற்றவருக்காகத் துப்பாக்கி ஏந்தும் பணியாளின் பெயரையும் தகப்பன் பெயரையும் எழுத ஒரு பத்தி இருந்தது. துரை போய்விட்டார், பத்தி தங்கிவிட்டது.

பிறப்பை வைத்து விலக்குத் தருவது ஒழிந்துவிட்டதா என்றால் அதுவும் இல்லை. பக்கத்துக் குடகில் இனத்தால் குடகராக இருப்பவர்களுக்கும் ஜம்மா நில உரிமை உள்ளவர்களுக்கும் உரிமம் எடுப்பதிலிருந்து வெள்ளையர் காலம் தொட்டே விலக்கு உண்டு. 2019இல் ஒன்றிய அரசு அதை 2029 வரை நீட்டித்தது. குடகு மக்களோடு நமக்குச் சண்டை இல்லை. அந்தத் தோட்டங்களில் வேலை செய்கிற எரவர்களுக்கும் பணியர்களுக்கும் அந்த விலக்கு ஏன் எட்டவில்லை என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறோம்.

காட்டுச் சட்டங்களும் இதே காலத்தவைதான். 1879இல் நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம். 1882இல் சென்னை வனச் சட்டம். பிறகு 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1991 திருத்தத்தோடு பொழுதுபோக்கு வேட்டைக்கு முற்றுப்புள்ளி. வேட்டையைத் தடை செய்தது சரியே, அதில் நமக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் புலியையும் காட்டெருமையையும் நூறு நூறாகச் சுட்டுத் தோலை வரவேற்பறையில் மாட்டியவர்கள் நூலாசிரியர்களாகவும் இயற்கை ஆர்வலர்களாகவும் ஆனார்கள். அவர்களுக்குத் தடம் காட்டி, துப்பாக்கி சுமந்தவர்களின் பிள்ளைகள் முயலுக்குக் கண்ணி வைத்தாலும் வேட்டைத் திருடர் ஆனார்கள். நரிக்குறவர்களைக் கேளுங்கள். நாட்டுத் துப்பாக்கியைத் துணி வாரில் தோளில் மாட்டிக்கொண்டு கௌதாரி சுடப் போனவர்கள். காவல் நிலையத்துக்கும் அவர்களுக்குமான உறவைத் தனியாகவே எழுத வேண்டும்.

தோல் அறுத்தவர்கள்

இனி வாரைச் செய்த கைக்கு வருவோம்.

கொங்குச் சீமை மழை குறைந்த பூமி. காவிரி டெல்டா மாதிரி வாய்க்கால் பாசனம் இல்லை. ஆழமான கிணறு வெட்டி, மாடு பூட்டி, கவலை இறைத்துத்தான் வெள்ளாமை. கவலைக்கு உயிர் அதன் தோல். பறி தோலில், தண்ணீரை வாய்க்காலில் கக்கும் குழாய் தோலில். பின்னாளில் பறி இரும்பானபோதும் குழாய் தோலாகவே நீடித்தது. செத்த மாட்டை எடுத்து, உரித்து, சுண்ணாம்பில் ஊற வைத்து, ஆவாரம்பட்டையில் பதப்படுத்தி, அறுத்துத் தைத்து, கிழிந்தால் ஓடிப்போய் ஒட்டுப்போட்டுக் கொடுத்தவர்கள் அருந்ததியர்கள், கொங்கில் மாதாரிகள் என்று அழைக்கப்பட்டவர்கள். கூலி பணமாக இல்லை. அறுவடையில் தானியம். தோல் வேலை போகப் பண்ணையாளாக வருடக் கணக்கில் கட்டுண்ட உழைப்பு.

சுவீடன் வரலாற்றாய்வாளர் குன்னெல் செடர்லோஃப் கோவை மாவட்டத்து மாதாரிகளைப் பற்றி 1997இல் எழுதிய நூலில் இந்த உறவைத்தான் ஆராய்ந்தார். கவலை இருக்கும்வரை கவுண்டருக்கு மாதாரி இல்லாமல் தண்ணீர் இல்லை. 1930களில் பைக்காரா மின்சாரம் கோவைச் சமவெளிக்கு வந்தது. மெல்ல மெல்லக் கிணறுகளில் மின் மோட்டார் உட்கார்ந்தது. தோல் வேலை தேவையற்றதானது. அடிமைத்தளை அவிழ்ந்தது என்று மகிழ முடியாது, ஏனென்றால் தளையோடு சேர்ந்து அந்தச் சின்னப் பிடிமானமும் போனது. கவுண்டருக்கு மாதாரியின் கைத்திறன் வேண்டியதில்லை. உடம்பு மட்டும் போதும் என்றாகிவிட்டது.

இந்தக் கவலைத் தோலுக்கும் துப்பாக்கி வாருக்கும் ஒரு நேரடித் தொடர்பு இருந்தது. இரண்டுக்கும் மூலப்பொருள் ஒன்று, பதனிடும் அறிவும் ஒன்று. சென்னை மாகாணத்தில் ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் லண்டன் சந்தையில் பெயர் வாங்கியது. முதல் உலகப் போரில் பட்டாளத்துப் பூட்சுக்காக அதைப் பிரிட்டிஷ் அரசே நேரடியாக வாங்கிக் குவித்தது. அதற்கு முன், 1900களின் தொடக்கத்தில், ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற பொறியாளர் சென்னை கலைப் பள்ளியில் குரோமியம் உப்பில் தோல் பதனிடும் முறையைச் சோதித்தபோது, அவர் மனத்தில் இருந்த பொருள்களில் ஒன்று கவலைப் பறி. தண்ணீரில் ஊறினாலும் அழுகாத தோல் வேண்டும் என்றார். சென்னையில் குரோம்பேட்டை என்று ஓர் ஊர் இருக்கிறதே, அந்தப் பெயர் குரோம் தோல் ஆலையால் வந்தது. ரயிலில் அந்த வழியே போகிற தோழர்கள் அடுத்தமுறை நினைத்துக்கொள்ளலாம்.

வடக்கே பட்டாளத்துக்கான சேணமும் வாரும் பெல்ட்டும் கான்பூரில் செய்யப்பட்டன. 1860களில் அங்கே அரசின் சேணத் தொழிற்சாலை நிறுவப்பட்டது. வேலை செய்தவர்கள் பெரும்பாலும் சமார்கள். அந்தத் தொழிலாளர் குடியிருப்புகளிலிருந்துதான் பிறகு சுவாமி அச்சுதானந்தரின் ஆதி இந்து இயக்கத்துக்கு வலு கிடைத்தது.

இங்கே ஒரு விசித்திரத்தைக் கவனியுங்கள். பறையில் தோல் இருந்தால் அது தீட்டு. செருப்பில் இருந்தால் இன்னும் தீட்டு, அதைத் தைத்தவர் அதை மாட்டிக்கொண்டு ஊர்த்தெருவில் நடக்கக் கூடாது. அதே தோல் துப்பாக்கியில் ஏறினால், ஜமீன்தார் இடுப்பில் பெல்ட்டானால், கௌரவம். தோளோடு படிந்து கழுத்தில் உரசும் அந்த வாரை எந்தப் பண்ணையாரும் தண்ணீர் தெளித்து மாட்டியதாக நாம் கேள்விப்பட்டதில்லை. அப்போது தீட்டு தோலில் இருந்ததா என்ன?

தோளுக்கும் ஒரு சட்டம் இருந்தது. கொங்குக் கிராமங்களில் அருந்ததியர் துண்டைத் தோளில் போட முடியாது. கவுண்டரைக் கண்டால் இடுப்பில் கட்ட வேண்டும், இல்லை கக்கத்தில் இடுக்க வேண்டும். நூறு கிராம் துணிக்குத் தடை. பத்துக் கிலோ துப்பாக்கிக்கு அனுமதி, அது இன்னொருவருடையதாக இருக்கும்வரை.

தோல் போய்ப் பருத்தி வந்தது

அன்சன் மில்ஸ் என்ற அமெரிக்கப் படை அதிகாரிக்குத் தோல் பெல்ட் பிடிக்கவில்லை. பித்தளைத் தோட்டாவைத் தோல் வளையத்தில் செருகி வைத்தால் பச்சைப் பாசி மாதிரிக் களிம்பு ஏறித் தோட்டா ஒட்டிக்கொள்ளும். தோலும் நனைந்து காய்ந்து தளர்ந்துவிடும். தடித்த பருத்தி நூலில் வளையங்களோடு சேர்த்தே நெய்த பட்டையை அவர் உருவாக்கினார். 1899 முதல் 1902 வரை நடந்த தென்னாப்பிரிக்கப் போரில் பிரிட்டிஷ் படையின் தோல் தோட்டா வார்கள் தளர்ந்து தோட்டாக்கள் உதிர்ந்துபோயின. அந்தப் பாடத்துக்குப் பிறகு, மில்ஸின் கம்பெனியோடு சேர்ந்து, 1908இல் பிரிட்டிஷ் காலாட்படை பருத்திப் பட்டைக்கு மாறியது. துப்பாக்கி வாரும் பருத்தியானது. அகலம் சுமார் 3 சென்டிமீட்டர். வியர்த்தாலும் வழுக்காது, எண்ணெய் காட்ட வேண்டாம். படைவீரனின் எடையை இரு தோள்களுக்கும் இடுப்புக்கும் பகிர்ந்து கொடுக்க வேண்டும் என்று அறிவியலோடு யோசித்த முதல் ஏற்பாடுகளில் அது ஒன்று.

சுமக்கிறவர் வெள்ளைக்காரப் படைவீரரானதும் தோளின் வலி ஆராய்ச்சிக்குரிய பொருளானது என்று நமக்குத் தோன்றுகிறது. 1914இல் போர் வெடித்தபோது தேவையான அளவு பட்டை நெய்யத் தறிகள் போதவில்லை. அவசரமாக மறுபடி தோலுக்குத் திரும்பி, 1914 மாதிரித் தோல் உபகரணம் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள்.

அந்தப் போரில் நம் மக்கள் எங்கே இருந்தார்கள்? சென்னைப் படையில் பறையர்கள் நெடுங்காலம் சேவை செய்தவர்கள், குறிப்பாகச் சுரங்கமும் பாலமும் அமைக்கும் சாப்பர் படையில். பம்பாய்ப் படையில் மகர்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில், ராபர்ட்ஸ் தலைமைத் தளபதியாக இருந்த காலத்தில், போர்க்குணச் சாதிகள் என்ற கதை படையின் கொள்கையானது. தென்னாட்டார் போருக்கு ஆகாதவர்கள், தீண்டப்படாதவர்களோடு மேல்சாதிச் சிப்பாய் நிற்க மாட்டான் என்றார்கள். சென்னைக் காலாட்படைகள் சுருக்கப்பட்டன. 1890களில் மகர்களைச் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. ஓய்வுபெற்ற படைவீரர் கோபால் பாபா வலங்கர் அதை எதிர்த்து விண்ணப்பம் எழுதினார். புரட்சியாளர் அம்பேத்கரின் தந்தை ராம்ஜி சக்பால் படையில் சுபேதாராக இருந்தவர். அந்தப் படைப் பள்ளிக்கூடத்தால்தான் அந்த வீட்டில் எழுத்து வந்தது. துப்பாக்கியைப் பறித்தபோது கூடவே பள்ளிக்கூடத்தையும் பறித்தார்கள் என்பதை இளைய தோழர்கள் மறக்கக் கூடாது. 1941இல் மகர் ரெஜிமென்ட் மீண்டும் அமைந்ததில் அம்பேத்கரின் வற்புறுத்தலுக்குப் பங்குண்டு. 1943இல் சமார் ரெஜிமென்ட் உருவானது. பர்மா முனையில் சண்டையிட்டது. 1946இல் கலைக்கப்பட்டது. வார் அறுத்த சாதிக்கு அந்த வாரில் தொங்கும் துப்பாக்கி ஒரு படைப்பிரிவின் பெயரால் கிடைத்தது மூன்றே ஆண்டுகள்.

டேப் தறி

இன்று சந்தையில் கிடைக்கிற துப்பாக்கி வார் பெரும்பாலும் நைலான், பாலியெஸ்டர் டேப். பள்ளிக்கூடப் பையின் தோள்பட்டைக்கும் அதற்கும் நெசவில் பெரிய வேறுபாடு கிடையாது. திருப்பூரில் இந்தத் தொழில் தெருவுக்குத் தெரு இருக்கிறது. ஜட்டி எலாஸ்டிக், ட்ராக் பேண்ட் நாடா, பை டேப் எல்லாம் நீடில் லூம் தறியில் ஓடுகின்றன. தறிச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. டேப்பைச் சூட்டுக் கத்தியில் வெட்டினால்தான் முனை பிரியாது. அந்தப் புகை நேரே மூக்குக்கு வரும். பிறகு பார்டாக் மெஷினில் மடிப்பைப் பூட்டித் தைக்கிறார்கள். எட்டு மணி நேரம் ஒரு ஷிப்ட், பன்னிரண்டு மணி நேரம் ஒன்றரை ஷிப்ட், சனிக்கிழமை சம்பளம். இங்கே நெய்கிற டேப் துப்பாக்கிக்குப் போகிறதா என்று கேட்டால் நெய்கிறவருக்கும் தெரியாது. ரோலாகச் சுற்றி அனுப்புவதோடு அவர் வேலை முடிந்தது.

பனியன் கம்பெனி சாதியை ஒழித்துவிட்டது என்று ஒரு பேச்சு இருக்கிறது. கைமடியாகச் சேர்ந்து, பவர் டேபிள் பழகி, சொந்தமாக நாலு மெஷின் போட்டவர் கதைகளைச் சொல்வார்கள். கிரேஸ் கார்ஸ்வெல், கெர்ட் டி நெவ் என்ற இரு ஆய்வாளர்கள் திருப்பூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் நீண்ட காலம் வேலை செய்து எழுதியவர்கள். பனியன் வேலைக்குத் தினமும் போய்வர முடிகிற கிராமத்தில் தலித் இளைஞர்கள் கவுண்டர் நிலத்தின் பிடியிலிருந்து ஓரளவு விடுபட்டிருப்பதை அவர்கள் கண்டார்கள். விசைத்தறி நிறைந்த இன்னொரு கிராமத்தில் அதே அருந்ததியர்கள் முன்பணக் கடனில் தறி முதலாளியிடம் கட்டுண்டு கிடப்பதையும் கண்டார்கள். கவலை போய்த் தறி வந்தது, கட்டு அவிழவில்லை. பொத்தாம்பொதுவாக விடுதலை என்றோ அடிமைத்தனம் என்றோ சொல்லிவிட முடியாத நிலை இது. 2009இல் அருந்ததியருக்குக் கிடைத்த 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு, அதற்கு வலுச் சேர்த்த 2024 ஆகஸ்ட் 1 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஆகியவற்றின் அருமை, இந்தத் தறிக்கூடங்களின் பக்கம் வந்து பார்த்தால்தான் விளங்கும்.

விதி 3

துப்பாக்கி வரலாறு பேசும்போது 1968 டிசம்பர் 25ஐத் தாண்டிப் போக முடியாது. கீழ்வெண்மணிக்கு நிலவுடைமையாளர்களின் கும்பல் துப்பாக்கிகளோடு வந்தது. குண்டடிபட்டு ஓடியவர்கள் போக, குடிசைக்குள் ஒதுங்கிய 44 பேர் எரிக்கப்பட்டார்கள். தாக்கியவர்களிடம் துப்பாக்கி இருந்தது, நம்மிடம் இல்லை என்ற ஒரே காரணத்தால் அது நடந்ததென்று நாம் சொல்லவில்லை. ஆனால் வன்கொடுமை நடக்கிற ஊர்களில் ஆயுதம் எந்தத் தெருவில் இருக்கிறது என்பது பொதுவாக எல்லாருக்கும் தெரியும். நாடாளுமன்றத்துக்கும் தெரியும்.

நம் தோழர்களில் பலர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவுகளை மனப்பாடமாகச் சொல்வார்கள். அதன் கீழ் வந்த 1995ஆம் ஆண்டு விதிகளை அவ்வளவு படிப்பதில்லை. அதில் விதி 3, முன்னெச்சரிக்கை நடவடிக்கைகளைச் சொல்கிறது. வன்கொடுமை நிகழக்கூடிய பகுதிகளை மாநில அரசு அடையாளம் காண வேண்டும். அந்தப் பகுதிகளில் பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ அல்லாதவர்களின் ஆயுத உரிமத்தை, தேவைப்பட்டால் ரத்து செய்து ஆயுதங்களை அரசுக் கிடங்கில் ஒப்படைக்கச் செய்ய வேண்டும். அவர்களின் நெருங்கிய உறவினர்கள், வேலையாட்கள், குடும்ப நண்பர்களுக்கும் இது பொருந்தும். வேலையாட்கள் என்ற சொல் அங்கே இருப்பதைக் கவனியுங்கள். துப்பாக்கி சுமக்கிற ஆளின் பெயரில் அதை ஒளித்து வைக்கலாம் என்று விதி எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அதே விதியின் அடுத்த வரிகளில், கள்ளத் துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்யவும், தேவைப்பட்டால் உயிரையும் உடைமையையும் காத்துக்கொள்ளப் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் ஆயுத உரிமம் வழங்கவும் சொல்லப்பட்டிருக்கிறது.

துப்பாக்கி வாங்குங்கள் என்று சொல்ல நாம் இதை எழுதவில்லை. நம் வழி கற்பி, ஒன்றுசேர், கிளர்ச்சி செய் என்பதுதான். ஆனால் அவர்கள் உரிமத்தை ரத்து செய் என்ற முதல் பாதியைக் கேட்க நமக்கு என்ன தயக்கம்?

கேட்பது எளிது. விதி 17இன்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். அந்தக் கூட்டத்தில் விதி 3 பேசப்பட்டதா, எத்தனை உரிமங்கள் ரத்து செய்யப்பட்டன, நம் மாவட்டத்தில் அடையாளம் காணப்பட்ட ஊர்கள் எவை என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட 10 ரூபாய் ஆகும். பொதுத் தகவல் அலுவலர் 30 நாளில் பதில் தர வேண்டும். திருப்பூர், கோவை, ஈரோடு, நாமக்கல், கரூர் என்று மாவட்டத்துக்கு ஒருவர் போட்டால் ஐந்து மனு. கல்லூரி விடுமுறையில் இருக்கிற தோழர்கள் எடுத்துக்கொள்ளுங்கள். பதில் வந்ததும் எல்லாவற்றையும் சேர்த்து இங்கேயே வெளியிடுவோம். பதில் வராவிட்டால் மனு போட்ட தேதியை வெளியிடுவோம்.